அணி ஆணையின் இயற்பியலும் அறமும்

ஃபார்முலா 1 தானுந்துப் பந்தயத்தில் ஒவ்வோர் அணிக்கும் இரண்டு வண்டிகள் உண்டு; டயர் மாற்றுவதற்கோ ஒரே ஓர் இடம்தான். ஏறத்தாழ இருபது பேர் சூழ்ந்து நின்று இரண்டரை விநாடிக்குள் நான்கு டயர்களையும் மாற்றி அனுப்பும் அந்த இடத்தில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் நிற்க முடியும். இருவரில் யாரை முதலில் அழைப்பது என்று எவரேனும் முடிவு செய்தே தீர வேண்டும். அம்முடிவு பெரும்பாலும் தடத்தின் ஓரச் சுவரருகே கணினித் திரைகளின் முன் அமர்ந்திருக்கும் பொறியாளர்களின் கையில் இருக்கிறது. இப்படித் தன் ஓட்டுநர் இருவரில் யார் முன், யார் பின் என்று அணியே முடிவு செய்து இடும் அணி ஆணை அறமாகுமா என்னும் வழக்கு பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. ஆணையின் கறை படியாத தூய பந்தயம் ஒன்று எங்கோ இருப்பதாகவும், ஆணை இடையில் புகுந்து அதைக் கெடுப்பதாகவும் எண்ணிக்கொண்டே பலரும் வழக்காடுகிறார்கள். அப்படியொரு பந்தயம் இல்லை என்பதை இயற்பியலே காட்டிவிடும். அதைக் கண்ட பிறகுதான் அறத்தைப் பற்றிய கேள்வியை நேராகக் கேட்க முடியும்.

முதலில் காற்றை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டியைத் தரையோடு பிடித்துவைப்பது அதன் எடை மட்டுமன்று. முன்னிறக்கை, பின்னிறக்கை, வண்டியின் அடித்தளம் ஆகிய மூன்றும் பாய்ந்துவரும் காற்றைக்கொண்டு கீழ்நோக்கிய அழுத்த விசையை உண்டாக்குகின்றன. காற்றின் சார்பு வேகம் இரு மடங்கானால் அவ்விசை நான்கு மடங்காகும். ஆனால் முன்னே செல்லும் வண்டி காற்றைக் கலக்கிவிட்டுப் போகிறது. அதில் ஒரு பகுதியைத் தன்னோடு இழுத்துக்கொண்டும் போகிறது. பின்னே வருபவரின் இறக்கைக்குக் கிடைப்பது வேகம் குன்றிய, சுழல்கள் நிறைந்த காற்று. 2021 வரை இருந்த வடிவமைப்பில் 20 மீட்டர் பின்னே வரும் வண்டி தன் கீழழுத்த விசையில் 35 விழுக்காட்டையும், 10 மீட்டர் பின்னே வருவது 46 விழுக்காட்டையும் இழந்ததாக ஃபார்முலா 1 நிறுவனமே கணக்கிட்டு அறிவித்தது. 2022இல் வந்த புதிய விதிகளின்படி அமைந்த வண்டியில் இவை முறையே 4, 18 விழுக்காடாகக் குறையும் என்றது. அடுத்து வந்த ஆண்டுகளில் அணிகள் தத்தம் வண்டிகளை மெருகேற்ற மெருகேற்ற, அந்த ஆதாயத்தில் ஒரு பகுதி கரைந்துபோயிற்று.

விசை குறைந்தால் வளைவில் டயர் வழுக்கும், வழுக்கினால் சூடேறும், சூடேறினால் தேயும். ஒரே அணியின் ஒரே வகை வண்டியில் செல்லும் இருவரில் பின்னே இருப்பவர் உண்மையில் வேகமானவராகவே இருக்கலாம். அந்த வேகத்தைக் காட்டுவதற்கான பிடிப்பை முன்னே செல்பவரின் வண்டியே பறித்துவிடுகிறது. ஆகவே, முந்த முடியவில்லை என்பதை வைத்து ஒருவர் மெதுவானவர் என்று முடிவுகட்ட இயலாது.

அடுத்தது டயர். புதிய டயர் போட்ட வண்டி, தேய்ந்த டயரோடு ஓடும் வண்டியைவிடச் சுற்றுக்கு ஒன்றிரண்டு விநாடி விரைந்து செல்லக்கூடும். உங்களுக்கு ஒன்றரை விநாடி பின்னே வருபவர் உங்களுக்கு முன்பாகவே டயரை மாற்றிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் புதிய டயரில் ஒரு சுற்றை முடிக்கும்போது நீங்கள் பழைய டயரில் உழன்றுகொண்டிருப்பீர்கள். நீங்கள் டயர் மாற்றி வெளியே வரும்போது அவர் முன்னால் இருப்பார். தடத்தில் ஒருவரை ஒருவர் முந்தவே இல்லை. வரிசை மட்டும் மாறிவிட்டது. பந்தய உலகம் இதை அண்டர்கட் என்கிறது. இருவரும் ஒரே அணியினர் என்றால் இந்த ஆதாயத்தை ஒருவருக்குக் கொடுத்து மற்றவரிடமிருந்து எடுப்பது அணிதான். அதை ஆணை என்று எவரும் பெயரிட்டு அழைப்பதில்லை, ஆனாலும் அது ஆணைதான். எந்த ஆணை நேர்மையானது என்பதே இனி ஆராயத்தக்க கேள்வி.

2024 ஜூலை 21 அன்று ஹங்கேரியின் ஹங்கரோரிங் தடத்தில் நடந்ததைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். மெக்லாரன் அணியின் லாண்டோ நோரிஸ் முதலிடத்திலிருந்து புறப்பட்டார். தொடக்கத்திலேயே அவருடைய சக ஓட்டுநர் ஆஸ்கர் பியாஸ்திரி முந்திக்கொண்டு முன்னிலை பெற்றார். வழக்கப்படி, முன்னிலையில் இருப்பவருக்கே டயர் மாற்றும் முதல் உரிமை. ஆனால் பின்னே வந்த லூயிஸ் ஹாமில்டனிடமிருந்து நோரிஸைக் காக்க விரும்பிய அணி, 45ஆம் சுற்றில் நோரிஸை முதலில் அழைத்தது. பியாஸ்திரி 47ஆம் சுற்றில்தான் உள்ளே வந்தார். அவர் வெளியே வந்தபோது நோரிஸ் முன்னே போய்விட்டார். இடத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி பொறியாளர் வானொலியில் கேட்டார். நோரிஸ் வேகத்தைக் கூட்டி இடைவெளியை விரித்துக்கொண்டே போனார். மீண்டும் கேட்டார்கள். ஞாயிறுதோறும் காலையில் அணி கூடிப் பேசிக்கொள்வதை நினைவுபடுத்தினார்கள். 70 சுற்றுகள் கொண்ட பந்தயத்தின் 68ஆம் சுற்றில் நோரிஸ் நேர்தடத்தில் வேகத்தைக் குறைத்து வழிவிட்டார். பியாஸ்திரிக்கு அது வாழ்வின் முதல் ஃபார்முலா 1 வெற்றி.

இந்த ஆணை நேர்மையானது என்பதே என் முடிவு. வரிசையைக் குலைத்தது அணி; குலைத்தவர்களே அதைச் சீர்செய்தார்கள். நோரிஸ் பின்னே இருந்து தன் கைத்திறத்தால் முந்தியிருந்தால், அந்த இடத்தைத் திருப்பிக் கேட்க எவருக்கும் உரிமை இருந்திராது. உலகப் பட்டத்துக்காகப் போராடிக்கொண்டிருந்த அவருக்கு, முதலிடத்தை விட்டு இரண்டாமிடத்துக்கு இறங்கியதால் 7 புள்ளி போயிற்று. அந்த ஆண்டின் முடிவில் அவர் மாக்ஸ் வெர்ஸ்டாப்பனைவிட 63 புள்ளி பின்தங்கியிருந்ததால் பட்டம் எவ்வகையிலும் மாறியிராது. ஆனால் வழிவிட்ட அன்று அவருக்கு அது தெரியாது. தெரியாத நிலையில் கொடுத்தது என்பதால் அச்செயலின் மதிப்பு கூடுகிறது.

அடுத்த ஆண்டு இதே அணியில், இதே இருவரிடையே, சிக்கல் தலைகீழாக வந்தது. 2025 செப்டம்பர் 7, இத்தாலியின் மோன்சா. வெர்ஸ்டாப்பன் முன்னே செல்ல, நோரிஸ் இரண்டாமிடத்திலும் பியாஸ்திரி மூன்றாமிடத்திலும் இருந்தனர். பின்னால் வந்தவரிடமிருந்து காப்பதற்காக இம்முறை பியாஸ்திரியை முதலில் அழைத்தது அணி. அதனால் நோரிஸின் இடம் போகாது என்ற உறுதியும் தரப்பட்டது. அடுத்து வந்த நோரிஸின் சக்கரம் ஒன்று சரியாகப் பொருந்தவில்லை, நிறுத்தம் 5.9 விநாடிக்கு நீண்டது. வெளியே வந்தபோது பியாஸ்திரி முன்னே இருந்தார். இடத்தைத் திருப்பிக் கொடு என்றது அணி. மெதுவான டயர் மாற்றமும் பந்தயத்தின் ஒரு பகுதி என்றுதானே பேசியிருந்தோம், இப்போது என்ன மாறிவிட்டது என்ற பொருளில் பியாஸ்திரி வானொலியில் கேட்டார். கேட்டுவிட்டு வழியும் விட்டார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. அங்கே இரண்டு காரணங்கள் பின்னிக்கிடந்தன. அழைக்கும் வரிசையை மாற்றியது அணியின் முடிவு. சக்கரம் சிக்கியது தற்செயல். அணியின் முடிவால் வந்த இழப்பை அணி ஈடுசெய்வது முறை. தற்செயலால் வந்த இழப்பைச் சக ஓட்டுநரின் கணக்கிலிருந்து ஈடுசெய்வது முறையாகாது, அப்படிச் செய்வோம் என்று முன்கூட்டியே பேசிவைத்திருந்தால் ஒழிய. இரண்டும் கலந்து வந்தால் என்ன செய்வது என்பதற்கு அவர்களிடம் முன்னரே வகுத்த விடை இல்லை என்பது அந்த வானொலி உரையாடலிலேயே வெளிப்பட்டது. அன்று கைமாறியவை 3 புள்ளிகள். ஆண்டின் இறுதியில் நோரிஸ் 423, வெர்ஸ்டாப்பன் 421, பியாஸ்திரி 410. உலகப் பட்டம் 2 புள்ளியில் முடிவாயிற்று. ஒரு பந்தயத்தின் முடிவை மாற்றினால் மற்ற பந்தயங்களும் வேறு விதமாக நடந்திருக்கும் என்பதால், இந்தக் கழித்தலை வைத்துப் பட்டத்தின் உரிமையை ஐயுறுவது தவறு. ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. அந்தக் கைமாற்றத்தில் மெக்லாரன் அணியினர் மூவர்: கொடுத்தவர், பெற்றவர், கொடுக்கச் சொன்னவர். நான்காமவர் ஒருவரும் இருந்தார். வெர்ஸ்டாப்பன் அந்த உடன்பாட்டில் பங்கேற்கவில்லை; அவரை எவரும் கேட்கவும் இல்லை.

அணி ஆணை பற்றிய பேச்சில் அடிக்கடி மறைந்துபோவது இந்த நான்காமவர்தான். காரணம், புள்ளிக் கணக்கின் அமைப்பு. 1950இல் தொடங்கிய ஓட்டுநர் பட்டம் ஒன்று. 1958இல் சேர்ந்த அணிகளின் பட்டம் மற்றொன்று. முதலிடத்துக்கு 25, இரண்டாமிடத்துக்கு 18. ஓர் அணியின் இருவரும் இவ்விரு இடங்களைப் பிடித்தால் அணிக்கு 43. யார் முன், யார் பின் என்பதால் அந்தத் தொகை மாறாது. ஆகவே இருவரும் தங்களுக்குள் மோதிக்கொள்வதால் அணிக்கு வரவு சுழியம். மோதி இருவரும் வெளியேறினால் செலவு 43. மோதும் வாய்ப்பு இருபதில் ஒன்று என்று வைத்தாலும், எதிர்பார்க்கத்தக்க இழப்பு 2.15 புள்ளி. 2016 மே 15 அன்று பார்சலோனாவில் மெர்சிடிஸ் அணியின் ஹாமில்டனும் நிகோ ராஸ்பெர்க்கும் முதல் சுற்றிலேயே மோதி இருவரும் மணலில் நின்றபோது அந்தக் கணக்கு கண்முன் நடந்தது. வரிசையைக் காத்துச் செல்லுங்கள் என்று அணிகள் கூறுவதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்த எளிய நிகழ்தகவுக் கணக்கே. அதில் வஞ்சகம் ஏதுமில்லை. இடங்களை மாற்றிக்கொள்ளுங்கள் என்னும் ஆணை வேறு இனம். அணிப் பட்டத்தைப் பொறுத்தவரை அதனால் ஒரு புள்ளியும் வராது. அது ஓட்டுநர் பட்டத்துக்காகவே பிறக்கிறது. ஆகவே அந்தப் பட்டத்துக்குப் போட்டியிடும் வெளியார் அனைவரையும் தொடுகிறது. இவ்விரு இனங்களையும் ஒரே சொல்லால் அழைத்து ஒரே தராசில் நிறுப்பதுதான் இந்த வழக்கு முடிவின்றி நீள்வதற்குக் காரணம்.

வரிசையைக் காக்கும் ஆணைக்கும் ஒரு தேவை உண்டு: அது தெளிவாக இருக்க வேண்டும். 1982 ஏப்ரல் 25 அன்று இமோலாவில் ஃபெராரி அணியின் கில் வில்நெவ் முன்னும் தீதியே பிரோனி பின்னுமாகச் சென்றுகொண்டிருந்தனர். போட்டியாளரான ரெனோ வண்டிகள் பழுதாகி விலகிவிட்டிருந்தன. அணியினர் "மெதுவாக" என்று பொருள்படும் பலகையைத் தூக்கிக் காட்டினர். இருக்கும் வரிசையிலேயே முடிப்பதற்கான ஆணை அது என்று வில்நெவ் கொண்டார். எரிபொருளையும் வண்டியையும் காத்துக்கொள்ளும்படியான அறிவுரை அது, முந்துவதற்குத் தடையன்று என்று பிரோனி கொண்டார். கடைசிச் சுற்றில் பிரோனி முந்தி வென்றார். வஞ்சிக்கப்பட்டதாகக் கருதிய வில்நெவ் அவரோடு பேசுவதை நிறுத்தினார். 13 நாள் கழித்து, பெல்ஜியத்தின் ஜோல்டர் தடத்தில், தகுதிச் சுற்றின்போது நேர்ந்த விபத்தில் வில்நெவ் இறந்தார். அந்த இறப்புக்கு இமோலாவைக் காரணமாக்குவது அறிவியலுக்கு ஒவ்வாது. ஆயினும் இருவர் இருவிதமாகப் பொருள்கொள்ளக் கூடிய ஒரு குறியைக் காட்டிவிட்டு, அதன் விளைவை ஓட்டுநர்களின் தலையில் விட்டுவிட்டது அணியின் பிழை என்றே சொல்வேன்.

2013இல் மலேசியாவின் செபாங் தடத்தில் குறி தெளிவாகவே இருந்தது. 'மல்ட்டி 21' என்றால் 2ஆம் எண் வண்டி முன்னும் 1ஆம் எண் வண்டி பின்னும் என்று ரெட்புல் ஓட்டுநர் இருவரும் அறிவர். அதை நம்பி மார்க் வெப்பர் தம் எஞ்சினின் ஆற்றலைக் குறைத்துவைத்திருந்தார். அந்த நிலையில் செபாஸ்தியன் வெட்டல் முந்திச் சென்று வென்றார். எதிராளி ஆயுதத்தை உறையிலிட்ட பின் தாக்குவது வீரம் ஆகாது.

இனி ஆஸ்திரியா. 2002 மே 12, ஏ1 ரிங் தடம். ஃபெராரியின் ரூபென்ஸ் பாரிகெல்லோ முதலிடத்தில் புறப்பட்டு, பந்தயத்தின் பெரும்பகுதியில் முன்னிலையிலேயே இருந்தார். 71ஆவதும் கடைசியுமான சுற்றின் இறுதி நேர்தடத்தில், முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரியும் தொலைவில், ஆணைக்குப் பணிந்து வேகத்தைக் குறைத்தார். மைக்கேல் ஷூமாக்கர் 0.182 விநாடி முன்னே கோட்டைத் தாண்டினார். பார்வையாளர் மேடைகளிலிருந்து எழுந்த கூச்சலைத் தாங்க முடியாமல், பரிசு மேடையின் உச்சிப் படியில் பாரிகெல்லோவை ஏற்றி நிறுத்தினார் ஷூமாக்கர்.

அந்த ஆணைக்கு ஏதேனும் தேவை இருந்ததா? அதுவரை நடந்த ஐந்து பந்தயங்களில் நான்கை ஷூமாக்கர் வென்றிருந்தார். அவரிடம் 44 புள்ளி. அடுத்திருந்த ஹுவான் பாப்லோ மொந்தோயாவிடம் 23. அன்றைய கணக்கில் முதலிடத்துக்கு 10, இரண்டாமிடத்துக்கு 6. ஆகவே ஆணையால் கிடைத்தது 4 புள்ளி. ஆறு பந்தயங்கள் மீதமிருக்கும்போதே பிரான்ஸில் அவர் பட்டத்தை உறுதிசெய்தார். ஆண்டின் முடிவில் அவர் 144, பாரிகெல்லோ 77. அணி எதையும் குலைத்திருக்கவில்லை, சீர்செய்ய ஒன்றுமில்லை. காக்க வேண்டிய ஆபத்தும் இல்லை. ஒருவர் தம் கையால் ஈட்டியதை எடுத்து, தேவையில்லாத மற்றொருவருக்குக் கொடுத்தார்கள். நான் அறிந்த ஆணைகளில் காரணமே இல்லாத கொடுமை என்று இதைத்தான் சொல்வேன்.

பன்னாட்டுத் தானுந்துக் கூட்டமைப்பு அந்த ஜூன் மாதம் 10 லட்சம் டாலர் தண்டம் விதித்தது. அதில் பாதியை நிறுத்திவைத்தது. தண்டம் ஆணைக்காக அன்று, பரிசு மேடை ஒழுங்கை மீறியதற்காக. ஆணையைத் தடுக்கும் விதி அப்போது இல்லை. 2003 முதல், பந்தய முடிவைப் பாதிக்கும் அணி ஆணைகளுக்குத் தடை வந்தது.

அறிவியல் நோக்கில் பார்த்தால் அந்தத் தடை பிறக்கும்போதே தோற்றுவிட்டது. மீறலை அளக்க முடியாத விதியை நடைமுறைப்படுத்த முடியாது. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு என்பது 8 மீட்டருக்குச் சற்று மேல். ஓட்டுநர் சில வளைவுகளில் ஐந்தாறு மீட்டர் முன்பாகவே பிரேக்கை அழுத்தினால் போதும். பின்னே வருபவர் நெருங்கிவிடுவார். பிரேக் சூடாகிவிட்டது, எரிபொருளைக் காக்க வேண்டியிருந்தது, டயர் பிடிக்கவில்லை என்று எத்தனையோ காரணங்கள் கூறலாம். அவை அத்தனையும் பிற நாள்களில் உண்மையாகவே நிகழ்பவை. நூற்றுக்கணக்கான உணரிகள் நொடிதோறும் அனுப்பும் தரவுகள் கால் எவ்வளவு அழுத்தியது என்பதைச் சொல்லும். ஏன் அழுத்தியது என்பதை அவற்றால் சொல்ல முடியாது.

ஆகவே ஆணைகள் நிற்கவில்லை, பொய்யுடை உடுத்திக்கொண்டன. 2010 ஜூலை 25, ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம். ஃபெராரியின் ஃபெலிபே மாஸா முன்னிலையில் இருந்தார். உயிருக்கே ஆபத்தான தலைக்காயம் பட்டு அவர் வீழ்ந்த நாளிலிருந்து அன்றோடு சரியாக ஓராண்டு. அவருடைய பொறியாளர் ராப் ஸ்மெட்லி ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வானொலியில் பேசினார்: ஃபெர்னாண்டோ உன்னைவிட வேகமாக ஓட்டுகிறார்; செய்தி புரிந்தது என்று உறுதிசெய்ய முடியுமா? 49ஆம் சுற்றில் கூர்வளைவிலிருந்து வெளியேறும்போது மாஸா வேகம் கூட்டாமல் தயங்கினார். சக ஓட்டுநர் ஃபெர்னாண்டோ அலோன்சோ முந்திச் சென்றார். சற்று நேரத்தில் ஸ்மெட்லி மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். வெறும் தகவலைச் சொன்னவர் எதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும்? 1 லட்சம் டாலர் தண்டம் விதிக்கப்பட்டது, முடிவு மாற்றப்படவில்லை. அலோன்சோ பெற்ற கூடுதல் 7 புள்ளியும் பயன்படவில்லை. வெட்டலிடம் 4 புள்ளியில் பட்டத்தை இழந்தார். 2011இல் தடையே நீக்கப்பட்டது.

நீக்கியது சரியே. எட்டு ஆண்டுகள் அந்த விதி ஓட்டுநர்களையும் பொறியாளர்களையும் உலகின் முன் பொய் பேசப் பழக்கியது. ஆனால் நீக்கியதோடு வேலை முடிந்துவிட்டதாகக் கூட்டமைப்பு கருதியது பெரும் குறை. எல்லையே இல்லாத கீழ்ப்படிதல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தடை நடப்பில் இருந்தபோதே சான்று கிடைத்திருந்தது. 2008இல் சிங்கப்பூரில் ரெனோவின் இளைய நெல்சன் பிக்கே, சக ஓட்டுநர் அலோன்சோவுக்கு ஆதாயம் கிடைக்கும்படி, தம் வண்டியை வேண்டுமென்றே சுவரில் மோதினார். சிதறிய துண்டுகளுக்கிடையே மற்ற ஓட்டுநர்கள் ஓட்டினார்கள். தடத்தை ஒழுங்குசெய்யப் பணியாளர்கள் இறங்க வேண்டியிருந்தது. அதை அணி ஆணை என்ற பெயரில் பேசுவதே தகாது. பிறர் உயிரோடு விளையாடிய குற்றம் அது.

ஆணையின்றிக் கொடுத்தவர்களும் உண்டு. 1956இல் மோன்சாவில் பீட்டர் காலின்ஸ், தமக்கும் உலகப் பட்ட வாய்ப்பு இருந்தபோதே, வண்டி பழுதாகி நின்ற சக ஓட்டுநர் ஹுவான் மனுவேல் ஃபாஞ்சியோவுக்குத் தம் வண்டியைக் கொடுத்தார். அதே நாளில், ஃபாஞ்சியோவுக்கு வண்டியைக் கொடுக்கும்படியான கோரிக்கையை லூயிஜி முஸ்ஸோ ஏற்கவில்லை. ஃபாஞ்சியோ பட்டம் வென்றார். இருவரில் எவரையும் நான் குறைசொல்ல மாட்டேன். காலின்ஸின் கொடை பெரிது என்பதற்குக் காரணமே, முஸ்ஸோவைப் போல மறுக்கும் உரிமை அவருக்கும் இருந்ததுதான். இன்றைய ஒப்பந்தங்களில் இளம் ஓட்டுநருக்கு அந்த உரிமை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது கேட்கப்பட வேண்டும்.

கூட்டமைப்பு செய்யத்தக்கது ஒன்று இருக்கிறது. அதற்குப் புதிய கருவியோ பெருஞ்செலவோ வேண்டாம். ஒவ்வோர் அணியும் பந்தய ஆண்டு தொடங்கும் முன்பே, எந்தச் சூழலில் வரிசையைக் காக்கச் சொல்லும், எந்தச் சூழலில் இடம் மாற்றச் சொல்லும், டயர் மாற்றும் முதல் உரிமை யாருக்கு, தற்செயலால் நேரும் இழப்பை யார் ஏற்பது என்பவற்றை எழுதி, இரு ஓட்டுநரும் கையொப்பமிட்டு, கூட்டமைப்பிடம் ஒப்படைத்து, மக்களுக்கும் வெளியிட வேண்டும். எழுதியதற்கு மாறான ஆணைக்குத் தண்டத்தைப் பணமாக வாங்காமல், அணியின் புள்ளியிலேயே கழிக்க வேண்டும். கால் ஏன் தயங்கியது என்பதை எந்த உணரியாலும் அளக்க முடியாது. எழுதியதும் வானொலியில் பேசியதும் ஒத்திருக்கின்றனவா என்பதை எவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அடுத்த விதித்தொகுப்பை வகுப்பவர்கள் இந்த ஒரு பிரிவைச் சேர்க்க வேண்டும்.